பத்து பாபினும் ஒரு அளவுகோலும்

மகளுக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒன்றரை வயதான அவள் என் தையல் மெஷினின் பாபின்களை (அடிநூல் சுற்றும் சிறு உருளைகளை) எடுத்து வீடெங்கும் உருட்டிவிட, தேடித் துழாவியும் ஒன்றுதான் கிடைத்தது. இணையக் கடையில் பத்து பாபின் கொண்ட பாக்கெட்டை ஆர்டர் செய்தேன். ‘எல்லா மெஷின்களுக்கும் பொருந்தும்’ என்ற வரியை நம்பியது என் தவறு.

புதியதைப் போட்டதும் துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகச் சுருண்டது. மேல்நூலை மீண்டும் கோத்தேன், ஊசியை மாற்றினேன், பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸின் சிறு திருகைக் கால் சுற்று முடுக்கினேன், பயனில்லை. இரவு, குழந்தை தூங்கிய பின், பழையதையும் புதியதையும் மேசைமேல் அருகருகே நிறுத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டின் விட்டமும் ஏறக்குறைய 20 மி.மீ.; ஆனால் உயரம் பழையதில் கிட்டத்தட்ட 12 மி.மீ., புதியதில் 9 மி.மீ. மேலிருந்து எடுத்த விளம்பரப் படத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. என் மெஷினுக்குரியது கிளாஸ் 15 என்னும் பாபின் வகை. வந்ததோ எல் வகை. குட்டையான புதிய பாபின், கேஸுக்குள் ஆட்டம் கண்டு, அடிநூலின் இழுவையைக் குலைத்திருக்கிறது.

திறந்த பாக்கெட்டைத் திரும்பப் பெற இயலாது என்று விற்பனையாளர் மறுத்தார். அளவுகோலோடு இரண்டையும் படமெடுத்து, மூன்று முறை அனுப்பிய பிறகே பணம் திரும்பியது. பழைய பாபினைக் கையோடு கொண்டுபோய், தையல் சாமான் கடையில் ஒப்பிட்டு வாங்கினேன். திருகை முந்தைய நிலைக்குத் திருப்பியதும் தையல் சீரானது. குழந்தையின் வாய்க்குள் எளிதில் போய்விடும் பொருள் என்பதால், பாபின்கள் இப்போது திருகுமூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. மகள் உருட்டுவதற்கு ஒரு டம்ளரைக் கொடுத்திருக்கிறேன்.