பழைய பேண்ட்சா மர அறுவை மெஷின்: வீட்டுக்கு ஏற்றிவந்த விதம்

வில்லியனூரிலிருந்து கடலூர். இன்ஜினும் பிளேடும் உள்ள தலைப்பகுதி ஓடும் தண்டவாளம் 12 அடி. நடு போல்ட்டைக் கழற்றி இரண்டு ஆறடித் துண்டாக்கினால் பொலேரோ பிக்கப்பில் அடங்கிவிடும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே டீசல் ஊற்றிவைத்தேன். இணைப்புகளுக்குப் பெயிண்டில் குறி. சாக்பீஸ் வழியிலேயே அழியும்.

நாடா வளையம் போன்ற பிளேடை டென்ஷன் தளர்த்தி, கையுறையோடு கழற்றி, மூன்று வளையமாகச் சுருட்டிக் கட்டினேன். பெட்ரோலை வடித்தாயிற்று. இன்ஜினைச் சாய்த்து ஏற்றவே கூடாது: ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும், ஏர் ஃபில்டர் நனையும், பிறகு ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கும்.

தலைப்பகுதியை அடிமட்டத்துக்கு இறக்கி, கீழே மரக்கட்டை கொடுத்து, ராட்செட் பெல்ட்டை (லிவரால் இறுக்கிக் கட்டும் பட்டை) ஃபிரேமில் போட்டேன். தலைப்பகுதியை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டில் கட்டினால் ஸ்பீடு பிரேக்கரில் அது வளைந்துவிடும். அரியாங்குப்பம் தாண்டி நிறுத்தி பெல்ட்டை மறுபடி இறுக்கினேன்.

வண்டியிலிருந்து இறக்கியதும் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ட்யூப்) பிடித்துத் தண்டவாளத்தை மட்டம் பார்த்த பிறகுதான் பிளேடு மாட்டணும். இல்லாவிட்டால் பலகையின் தடிமன் சீராக வராது.