உப்புக் கரைசலின் அடர்த்தியை வீட்டிலேயே கணக்கிடுவது எப்படி?

விதைநெல்லில் பதர் பிரிக்க உப்புத் தண்ணீர் கரைப்பது நம் ஊரில் பழகிய வேலை. 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிலோ உப்பு. நல்ல மணி அடியில் தங்கும், பதர் மேலே வந்துவிடும். அந்தக் கரைசலின் அடர்த்தி எவ்வளவு? அதே விகிதத்தில் கொஞ்சமாகக் கரைத்துப் பார்ப்போம்.

டிஜிட்டல் தராசு, 250 மில்லி அளவு ஜாடி, ஒரு பாத்திரம், உப்பு போதும். கல் உப்பில் ஈரம் இருக்கும். முதல் தடவைக்குத் தூள் உப்பே எடுங்கள்.

படி 1: பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். 200 கிராம் தண்ணீர், 30 கிராம் உப்பு. அடியில் ஒரு துகள்கூட இல்லாமல் கலக்குங்கள். லேசாகக் கலங்கலாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். உப்பு கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்தான் அது.

படி 2: காலி ஜாடியை வைத்து மறுபடி பூஜ்யமாக்கி, கரைசலை 200 மில்லி கோடுவரை ஊற்றுங்கள். குனிந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓரத்தில் நீர் சற்று ஏறி, நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடிதான் கணக்கு. இங்கே அவசரம் கூடாது. 2 மில்லி தவறினாலே விடையில் 0.01 மாறிவிடும்.

படி 3: தராசு ஏறக்குறைய 219 கிராம் காட்டும். நிறையைக் கன அளவால் வகுத்தால், 219 ÷ 200 = 1.095. ஒரு மில்லிக்கு 1.095 கிராம். கடல்நீர் சுமார் 1.025தான்.

‘ஜாடியே வேண்டாமே, மொத்த நிறை 230ஐ 200ஆல் வகுத்தால் ஆச்சே’ என்று தோன்றும். அப்படிச் செய்தால் 1.15 வரும், தவறு. கரைந்த உப்பும் இடம் பிடிக்கும். சரி, 30 கிராம் உப்பின் கன அளவு 14 மில்லி, அதைக் கூட்டி 214ஆல் வகுக்கலாமா? அதுவும் தவறு! அளந்தால் மொத்தம் 210 மில்லிதான் இருக்கும். சோடியம், குளோரைடு அயனிகள் தம்மைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை நெருக்கி இழுத்துக்கொள்கின்றன. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அதனால்தான் கன அளவைக் கூட்டாமல் அளக்கச் சொல்கிறேன்.

சரிபார்க்க, புது முட்டை ஒன்றை இதே விகிதக் கரைசலில் விடுங்கள். வெறும் தண்ணீரில் மூழ்கும் முட்டை, இதில் மேலே வந்து தலைகாட்டும்.

விதைக்குப் பயன்படுத்தினால், அடியில் தங்கிய மணிகளை உடனே எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.