ஏரி, குளப் பட்டியலை மொத்தமாக ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கோப்பு வெற்றிகரமாக ஏற்றப்பட்டது" என்று திரையில் வந்தால், வடிவம் பொருந்தியது என்று மட்டும்தான் பொருள். சர்வே எண் சரியா, ஊர்ப் பெயர் சரியா என்றெல்லாம் தளம் சரிபார்த்துத் தராது. கடலூர், புதுச்சேரி வட்டாரத்து நீர்நிலைகளின் விவரத்தை எக்செலில் திரட்டி விக்கிதரவு, ஜெனோடோ, கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியங்களில் ஏற்ற நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: ஏற்றும் நேரத்தில் கெடுவது கொஞ்சம்; அதற்கு முன்பே எக்செலில் கெட்டுப்போயிருப்பதுதான் அதிகம்.

சர்வே எண்ணில் தொடங்கலாம். ஒரு குளத்தின் சர்வே எண் 12/3. இதைச் செல்லில் தட்டி என்டர் அடித்த கணமே எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். கணினி இந்திய முறைத் தேதியில் இருந்தால் அது மார்ச் 12. அமெரிக்க முறையில் இருந்தால் டிசம்பர் 3. பதறிப்போய் ஃபார்மட்டை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் 12/3 திரும்பி வராது, 45728 போன்ற ஓர் எண் வந்து நிற்கும். 2025 மார்ச் 12-ஐ எக்செல் உள்ளுக்குள் வைத்திருக்கும் எண் அது; தட்டும் ஆண்டைப் பொறுத்து எண் மாறும். இதில் கொடுமை என்னவென்றால், நெடுவரிசை முழுவதும் இப்படி மாறாது. 112/3 தேதியாக முடியாது, தப்பித்துவிடும். உட்பிரிவு எழுத்து ஒட்டிய 12/3ஏ-யும் தப்பிக்கும். ஆனால் 12/45 என்பது டிசம்பர் மாதத் தேதியாகிவிடும். நூறு வரியில் இருபது மட்டும் மாறியிருந்தால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: செல்லின் சீரமைப்பை நீங்களாக மாற்றாமல் இருந்தால், எழுத்தாக இருப்பவை இடப்பக்கமும் தேதியாக மாறியவை வலப்பக்கமும் ஒட்டி நிற்கும். நெடுவரிசையை அகலமாக்கிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சிஎஸ்வியாக, அதாவது நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சிஎஸ்வியில் ஃபார்மட் என்று எதுவும் தங்காது. ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று அதை டபுள் கிளிக் செய்து திறந்து, மூடும்போது கேட்கும் கேள்விக்கு 'சேவ்' கொடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடில் பாருங்கள். எக்செல்தான் வேண்டுமென்றால் 'டேட்டா' பட்டியலில் உள்ள டெக்ஸ்ட்/சிஎஸ்வி இறக்குமதி வழியாகத் திறந்து, நெடுவரிசை வகையை 'டெக்ஸ்ட்' எனக் கொடுங்கள். லிப்ரே ஆஃபிஸ் கால்க், சிஎஸ்வியைத் திறக்கும்போதே வகையைக் கேட்டுவிடும். இந்த வேலைக்கு அதுவே மேல்.

கடலூரின் 04142, புதுச்சேரியின் 0413 ஆகிய தொலைபேசிக் குறியீடுகளில் முன் பூஜ்ஜியம் காணாமல் போவதும் இதே வகை. மருந்தும் அதேதான். தேதிகளை 2024-06-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள்; 05/06/2024 என்றால் மே மாதமா ஜூன் மாதமா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தமிழ் எழுத்து. எக்செலின் 'சேவ் ஆஸ்' பட்டியலில் சிஎஸ்வி என்று ஒன்றுக்கு மேல் இருக்கும். வெறும் 'சிஎஸ்வி'யைத் தேர்ந்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். இதற்கு மீட்பே கிடையாது. மூல எக்செல் கோப்பை அழித்திருந்தால் அவ்வளவுதான். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் ஒரு சின்னச் சிக்கல்: கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை எக்செல் வைக்கும். சில ஏற்றுக் கருவிகள் அதையும் முதல் நெடுவரிசைத் தலைப்போடு சேர்த்துப் படித்துவிட்டு, 'அப்படியொரு நெடுவரிசையே இல்லை' என்று சாதிக்கும். தலைப்பு சரியாகவே இருக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் நேரத்தில் இதைச் சந்தேகப்படுங்கள். நோட்பேடில் திறந்து, அந்தக் குறி இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலென்றால், எழுத்துருவை மட்டும் மாற்றிப் பயனில்லை. யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்த பிறகுதான் மற்ற வேலை.

யூனிகோடிலேயே தட்டியிருந்தாலும் ஊர்ப் பெயர்கள் பொருந்தாமல் போகலாம். ஸ்ரீமுஷ்ணத்தின் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக உள்ளிட முடியும்: வழக்கமான 'ஸ'வில் தொடங்கி ஒன்று, 'ஶ'வில் தொடங்கி இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். கணினிக்கோ இரண்டு வேறு ஊர்கள். காட்டுமன்னார்கோயில், காட்டுமன்னார்கோவில் என்ற இரு எழுத்து வழக்கு கண்ணுக்காவது தெரியும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடம் அதுவும் தெரியாது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தவற்றில் வரும் உடையாத வெற்றிடத்தை (சாதாரண இடைவெளி போலவே தெரியும் வேறொரு குறி) எக்செலின் 'ட்ரிம்' நீக்காது; 'ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்' வழியாகத் தேடித்தான் அதை எடுக்க வேண்டும். ஆகவே பெயரை நம்பி இரண்டு பட்டியலை இணைக்காதீர்கள். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் (எல்ஜிடி) கிராமங்களுக்கு எண் இருக்கிறது. அதைத் தனி நெடுவரிசையாகச் சேர்த்து, அதை வைத்து இணையுங்கள்.

அலகு விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டில் பரவலாக ஒரு குழி 144 சதுர அடி. புதுச்சேரிக் குழி 576 சதுர அடி. எல்லைக்கு இரு பக்கமும் திரட்டிய பட்டியலில் வெறுமனே 'குழி' என்று எழுதினால் பரப்பு நான்கு மடங்கு தவறும். புதுச்சேரி நில ஆவணங்களில் ஹெக்டேர், ஆர், செந்தியார் என்று பிரெஞ்சு வழி அளவும் வரும். 1 ஹெக்டேர் 20 ஆர் 50 செந்தியார் என்பதை 1.20.50 என்று தட்டினால் அது எண்ணே அல்ல, 1.2050 ஹெக்டேர் என்று எழுத வேண்டும். அலகைத் தலைப்பில் வையுங்கள், செல்லில் எண் மட்டும் இருக்கட்டும். அளவு தெரியாத இடத்தில் 0 போடாமல் காலியாக விடுங்கள். 0 என்றால் ஏரியே இல்லை என்றாகிவிடும்.

ஆயத்தொலைவுகளில் நடக்கும் கூத்து தனி. கடலூர் ஏறத்தாழ வடக்கு 11.75, கிழக்கு 79.76. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் போய் விழும். அது பரவாயில்லை, வரைபடத்தைத் திறந்ததும் தெரிந்துவிடும். 11 பாகை (டிகிரி) 45 கலையை (நிமிடம்) 11.45 என்று எழுதுவதுதான் ஆபத்து. புள்ளி முப்பது கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்தாலும் அதே மாவட்டத்துக்குள் நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. கலையை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். வீராணம் மாதிரி நீண்டு கிடக்கும் ஏரிக்குப் புள்ளியைக் கரையில் வைப்பதா நடுவில் வைப்பதா என்பதையும் முன்னமே முடிவு செய்து, எல்லா ஏரிக்கும் அதையே பின்பற்றுங்கள்.

இணைத்த செல், இரண்டு அடுக்குத் தலைப்பு, கடைசியில் 'மொத்தம்' வரி, 'மஞ்சள் அடித்தது வறண்ட ஏரி' போன்ற வண்ணக் குறிப்பு எல்லாம் ஏற்றும் கோப்பில் வேண்டாம்.

இரட்டிப்பு வேறு கதை. ஊசுட்டேரி புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடப்பது. இரு பக்கப் பட்டியலையும் ஒட்டினால் ஊசுட்டேரி ஓரிடத்தில், ஊசுடு ஏரி இன்னோரிடத்தில் என இரண்டாகிவிடும். விக்கிதரவுக்குப் போகும் பட்டியலை முதலில் ஓப்பன்ரிஃபைன் என்ற தரவு சீர்செய்யும் மென்பொருளில் போட்டு, விக்கிதரவில் ஏற்கெனவே உள்ள உருப்படிகளோடு (ஓர் ஏரிக்கு ஒன்று என இருக்கும் பதிவுகள்) பொருத்திப் பாருங்கள். பாதியில் இணையம் அறுந்தால் மொத்தத்தையும் மறுபடி ஓட்டக் கூடாது. விக்கிதரவில் மொத்தமாக ஏற்ற உதவும் குயிக்ஸ்டேட்மென்ட்ஸ் கருவியில் புதிதாக உருவாக்கும் கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் அதே ஏரிக்கு இரண்டாவது உருப்படி உருவாகும். எது வரை ஏறியது என்று பார்த்து, மிச்சத்தை மட்டும் ஏற்றுங்கள்.

தகவல் தந்தவரின் கைப்பேசி எண், ஆதார் எண் ஆகியவை மறைத்த நெடுவரிசையில் இருந்தாலும் எக்செல் கோப்போடு சேர்ந்தே போகும். மறைப்பது போதாது, நீக்க வேண்டும். கிட்ஹப்பில் பிறகு நீக்கினாலும் பழைய வரலாற்றில் அது கிடக்கும். ஜெனோடோவில் புதிய பதிப்பு போட்டாலும் பழையது அங்கேயே இருக்கும். உரிமத்தையும் முன்பே பாருங்கள்: விக்கிதரவில் சேர்வதெல்லாம் சிசி0, அதாவது யாரும் நிபந்தனையின்றி எடுத்தாளலாம். பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைத்த தரவை அங்கே கொட்ட முடியாது.

முதலில் பத்து வரியை மட்டும் ஏற்றுங்கள். ஒழுங்கான பத்து வேண்டாம். 12/3 சர்வே எண், ஸ்ரீமுஷ்ணம், காலியான பரப்பு, பெயரில் காற்புள்ளி உள்ள குளம் என்று வம்பு பிடித்த வரிகளாகப் பொறுக்குங்கள். ஜெனோடோவுக்குத் தனிச் சோதனைத் தளமே இருக்கிறது. பிறகு, ஏற்றியதைத் தளத்திலிருந்து திரும்ப இறக்கி, வரி எண்ணிக்கையையும் பரப்பின் கூட்டுத்தொகையையும் மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். இறக்கியதையும் டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். சரியாக ஏறிய சர்வே எண்ணைக்கூட எக்செல் தேதியாக்கிக் காட்டும், இல்லாத பிழையைத் தேடி அரை நாள் போய்விடும்.