சினை ஊசி நிற்க வேண்டுமா? நேரத்தைப் பிடியுங்கள்

ஊரில் 'சினை ஊசி' என்கிறோம். உண்மையில் ஊசியே இல்லை. கால் மில்லி உறைவிந்து (உறையவைத்த காளை விந்து) அடைத்த மெல்லிய குச்சியைக் கம்பி போன்ற கருவியில் ஏற்றிக் கருப்பைக்குள் விடுவதுதான் வேலை. சினை நிற்காவிட்டால் பழி குச்சிமேல் விழும். பெரும்பாலும் தவறு நேரத்தில்தான்.

1. மாடு தயாரா?

கன்று ஈன்று 60 நாள் கழியட்டும். கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வரவே 40 நாள் ஆகும். அதற்குமுன் பருவம் (மாடு காளை தேடும் நிலை) வந்தால் தேதியை மட்டும் குறித்துவையுங்கள். கிடேரிக்கு வயதைவிட எடை முக்கியம்: வளர்ந்த மாட்டின் எடையில் 60 சதவீதமாவது வேண்டும். மெலிந்த மாடு பருவத்துக்கே வராமல் போகலாம். குடற்புழு நீக்கம், பசுந்தீவனம், தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை, இவைதான் முதல் மருந்து.

2. பருவத்தைக் கண்டுபிடிப்பது

சுழற்சி 21 நாள். 18 முதல் 24 வரை முன்பின் ஆகலாம். கத்தும், தீவனம் குறையும், பாலும் குறையும், அடிக்கடி சிறுநீர் விடும். இவை எல்லாம் சந்தேகம்தான். வேறு மாடு மேலே தாவும்போது நகராமல் நின்றால் அதுதான் உறுதி.

ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. பிறப்புறுப்பிலிருந்து சளிபோல் வழியும் வழும்பைத்தான் பார்க்க வேண்டும். விடியற்காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்குப் பிறகும் டார்ச் அடித்து மாடு படுத்த இடத்தைப் பாருங்கள். படுக்கும்போதுதான் வழும்பு வெளியே வழியும். கண்ணாடிபோல் தெளிவாக, கயிறுபோல் அறுபடாமல் தொங்கினால் பருவம். வெள்ளையாகத் திரிதிரியாக வந்தால் கருப்பையில் புண். அன்று ஊசி வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் கண்டால் பருவம் ஓரிரு நாள் முன்பே முடிந்துவிட்டது. அந்த நாளிலிருந்து 17-ஆம் நாள் முதல் கவனியுங்கள்.

3. எப்போது போடுவது?

காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலை. மாலையில் கண்டால் மறுநாள் காலை. பருவம் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளிவரும், சில மணி நேரமே உயிரோடிருக்கும். உறைவிந்தின் ஆயுளும் குறைவு. கத்தியதுமே போன் போட்டு ஊசி போட்டால், முட்டை வரும்போது விந்து செத்திருக்கும். மறுநாளும் அறிகுறி அடங்காவிட்டால் இரண்டாவது குச்சி போடலாம்.

4. ஊசி போடும்போது கவனிக்க

உள்ளே செலுத்துவது பயிற்சி பெற்றவர் வேலை. நீங்கள் கவனிக்க வேண்டியது குச்சியை உருக்கும் விதம். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருந்த குச்சி, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி கிடக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்தோ உள்ளங்கையில் தேய்த்தோ உருக்கினால் விந்தணு பல அங்கேயே வீணாகலாம். வெளியே எடுத்ததும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் விந்தணு சாகும். கால் மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கருவி கருப்பை வாயைத் தாண்டியதும் நின்று, மெதுவாக 5 விநாடி எண்ணி விந்தை விட வேண்டும். அதற்குமேல் தள்ளினால் சுவரில் காயம் படும். மாட்டை அடித்து விரட்டிப் பிடிக்காதீர்கள். மிரண்டால் கருப்பையின் அசைவு கெடும். முடிந்ததும் நிழலும் தண்ணீரும் போதும். படுக்கவிடாமல் நிறுத்தி வைப்பதெல்லாம் வீண் வேலை.

5. போட்ட பிறகு

குச்சியில் அச்சிட்ட காளை எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நாளை மகளுக்கே தகப்பன் விந்து போகும். சிறிய ஜெர்சி கலப்புக் கிடேரிக்கு ஹோல்ஸ்டீன் குச்சி கேட்காதீர்கள். கன்று பெரிதாகி ஈனும்போது சிக்கும்.

18 முதல் 24 நாள் வரை மறுபடி பருவம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் சினை என்று நம்பிவிடாமல், 60 நாளுக்குப் பிறகு பரிசோதியுங்கள். சினைமாடு சில நேரம் பருவம் காட்டுவதுண்டு. பார்க்காமல் கருவியை நுழைத்தால் கரு கலையலாம். தெளிந்த வழும்போடு மூன்று முறை போட்டும் நிற்கவில்லையா? நான்காவது குச்சிக்கு முன் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.