பிள்ளையோடு சேர்ந்து ஒரு தேவதை வீடு கட்டுவோம்

தேவதை வீடு என்றால் மரத்தடியில் குச்சி, சேறு, புல்லால் கட்டும் ஒரு குட்டி விளையாட்டு வீடு. நாலைந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு பழைய சீனிப் பையும் மழையில்லாத ஒரு பின்னேரமும் போதும், கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நன்றாகக் காய்ந்திருக்கும். அட்டன், நுவரெலியாவில் அப்போதுதான் தென்மேல் பருவமழை, அங்கே இருப்பவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் செய்யுங்கள்.

முதலில் காய், இலை, குச்சி பொறுக்கப் போக வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள், பிள்ளைக்கு இதுதான் பெரிய சந்தோஷம். விழுந்து கிடப்பதை மட்டும் எடுக்கலாம், மரத்திலிருந்து பிடுங்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கே போனால் விழுந்த இலையைக்கூட எடுத்து வரக் கூடாது, பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

சவுக்கு (தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் கிரவிலியா) மரத்தடியில் தோணி மாதிரி வெடித்த கறுப்புக் காய்கள் கிடக்கும், தேவதையின் கட்டிலுக்கு அதை விட்டால் வேறு இல்லை. அதன் இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம், தரைக்கு விரிக்கலாம். டர்பன்டைன் (யூகலிப்டஸ்) காய் பானை சட்டிக்கு. தேயிலை விதை வேண்டுமென்றால் கொழுந்து பறிக்கும் செடியில் தேடாதீர்கள், கவ்வாத்து பண்ணாமல் உயர வளரவிட்ட செடிக்கடியில்தான் உருண்டை உருண்டையாகக் கிடைக்கும். மருந்து அடித்த தேயிலை மலைக்குள் மட்டும் பிள்ளையைக் கூட்டிப் போகவே வேண்டாம். மரத்திலோ தேயிலைக்குள்ளோ குளவிக்கூடு இருக்கிறதா என்று நீங்கள் முன்னால் போய்ப் பாருங்கள், திரும்பி வந்ததும் கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம், மணி மாதிரித் தொங்கும் அந்த ஊமத்தைப் பூ தேவதைக்குத் தொப்பி போடத் தோதாகத்தான் தெரியும், ஆனால் பூ, இலை, விதை எல்லாமே விஷம், கையால் தொடவும் விடாதீர்கள்.

பசை வேண்டாம், சேறு போதும். சிவப்பு மண்ணில் காய்ந்த புல்லைப் பொடியாக வெட்டிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். உருட்டினால் உருண்டை வெடிக்காமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். மரத்து வேருக்கும் வேருக்கும் நடுவில் இடம் பிடித்தால் பின்சுவர் இலவசம். விரல் நீளக் குச்சிகளை மண்ணில் ஆழக் குத்தி, மெல்லிய குச்சிகளை உள்ளே வெளியே என்று குறுக்கே பின்னிவிட்டு, சேற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து வரிச்சு வீடு இப்படித்தான். சுவர் கோணலாக வரும். வரட்டும், ராத்திரி நீங்கள் போய் நேராக்காதீர்கள், காலையில் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அப்புறம் அது பிள்ளை கட்டிய வீடு இல்லை.

கூரைக்கு மானாப்புல். ஓரம் கையை அறுக்கும் என்பதால் வெட்டுவது பெரியவர் வேலை. சின்னச் சின்னக் கட்டாக வாழை நாரால் கட்டி, கீழ் வரிசையை முதலில் வைத்து, அதன் மேல் பாதி படும்படி அடுத்த வரிசை, கடைசியில் முகடு. நல்ல சரிவாக வைத்தால் சின்ன மழைக்கு ஒழுகாது. உச்சியில் பாசியை அப்பினால் காற்றுக்கும் பறக்காது.

கதவு எந்தப் பக்கம், எத்தனை காம்பரா (அறை), இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) யார் உட்காருவார், இதெல்லாம் பிள்ளை முடிவு செய்யட்டும். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள், கதை தானாக வரும்.

குளம் வேண்டும் என்று கட்டாயம் கேட்கும். சிரட்டையில் தண்ணீர் வைக்கலாம், ஆனால் விளையாடி முடித்ததும் ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள், ஒரு வாரம் தேங்கினாலே டெங்கு நுளம்பு பெருகிவிடும்.