பழைய சுவர்களில் பெஞ்ச்மார்க் தேடுவது எப்படி?

பிரிட்டனில் பழைய தேவாலயத்துக்குப் போனால் எல்லோரும் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நாம் தேடுவது சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில் இருக்கும். கல்லில் ஒரு படுக்கைக் கோடு; அதற்குக் கீழே, கோட்டை நோக்கி மேலே காட்டும் அம்பு. அம்பு என்பது ஈர மண்ணில் கோழிக்கால் பதிந்த மாதிரி மூன்றே வெட்டுகள்.

பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் அளவையர்கள் வெட்டிய பெஞ்ச்மார்க், அதாவது உயரக் குறி இது. அம்பு வெறும் அடையாளம்தான். உயிர் அந்தப் படுக்கைக் கோட்டில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு கோண இரும்பைச் செருகி, அதன்மேல் அளவுகோலை நிறுத்துவார்கள். கோலைத் தாங்கும் அந்த இரும்புதான் 'பெஞ்ச்'. கோடு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுப் பதிவு செய்தார்கள். நாடு முழுக்கச் சுமார் 5 லட்சம் குறிகள் இருந்தன. செயற்கைக்கோள் அளவீடு வந்ததும் பராமரிப்பு நின்றது, பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. அதனால்தான் மிச்சமிருப்பதைத் தேடிப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

முதலில் வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம்; இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளும் உண்டு. ஒரு மைலை 25 அங்குலமாக வரைந்த தாள்களை எடுங்கள். பெஞ்ச்மார்க் என்பதைச் சுருக்கி 'பி.எம். 212.4' என்பதுபோல எழுதி, பக்கத்தில் சின்ன அம்பு போட்டிருக்கும். எண் அடிக்கணக்கில் உயரம். வெவ்வேறு காலத் தாள்களில் ஒரே குறிக்கு எண் மாறினால் குழம்ப வேண்டாம்: முதலில் லிவர்பூல் கடல் மட்டத்தை வைத்துக் கணக்கிட்டார்கள், பிறகு கார்ன்வாலின் நியூலினில் 1915 முதல் 1921 வரை அளந்த சராசரிக்கு மாறினார்கள்.

அடுத்து, இன்றைய வரைபடத்தை அதன்மேல் வைத்து, அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். தேவாலயம், பாலம், மைல்கல் ஆகியவற்றில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சரி, இடத்துக்குப் போயாயிற்று. சாலையைப் பார்த்த முகம், கட்டட மூலை, முட்டுச்சுவர் என்ற வரிசையில் தேடுங்கள். தரை உயர்ந்திருந்தால் குறி புல்லுக்குள் மறைந்திருக்கும். தேய்ந்துபோன குறிக்கு நான் கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பேன். நிழல் விழுந்ததும் பள்ளம் தானாகத் தெரியும். பாசியைச் சுரண்டுவதும் சாக்பீஸால் தேய்ப்பதும் கூடவே கூடாது. அந்தக் கல் நூறு வருடம் தாங்கியதை நாம் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடுவோம்.

அம்பு மட்டும் இருந்து கோடு இல்லையென்றால் அநேகமாக அது பெஞ்ச்மார்க் அல்ல. ராணுவ நில எல்லைக் கற்களிலும் இதே அம்பு உண்டு. சில கட்டடங்களில் வெட்டுக்குப் பதிலாக, எண் பொறித்த உலோகத் தகடு பதித்திருக்கும். அதுவும் நம் கணக்கில் சேரும்.

அப்புறம், கிட்டத்தில் ஒன்று, முழுச் சுவரும் தெரிய ஒன்று என இரண்டு படம் எடுங்கள். எந்தத் திசைச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். குறி கிடைக்காவிட்டாலும், தேடிய தேதியையும் சுவர் புதிதாகப் பூசப்பட்டிருக்கிறதா என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவருக்கு அதுவும் உதவும்.