பீசாங் என்று மட்டும் கேட்காதீர்கள்

கோலாலம்பூர் சௌகிட் சந்தையிலோ பினாங்கு சௌராஸ்தாவிலோ ஒரு மலாய்க் கடையில் போய் நின்று "பீசாங்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், "பீசாங் ஆப்பா?" என்று திருப்பிக் கேட்பார்கள். உங்கள் அப்பாவை விசாரிக்கவில்லை, எந்த வாழை என்று கேட்கிறார்கள். பீசாங் என்பது மொத்த வாழைக்கும் பொதுப்பெயர். அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டாவது சொல்தான் அது சாமிக்கா, சட்டிக்கா, சும்மா உரித்துத் தின்பதற்கா என்று சொல்லும். ஊரிலிருந்து புதிதாக இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கும், இத்தனை நாள் அம்மா வாங்கி வந்ததைத் தின்றுவிட்டு இப்போதுதான் தனிக்குடித்தனம் போனவர்களுக்கும் இது உதவும்.

பூஜைக்கு என்றால் பெரும்பாலும் பீசாங் மாஸ். மாஸ் என்றால் தங்கம், பழமும் அந்த நிறம்தான். சின்னது, தோல் மெல்லியது, நல்ல இனிப்பு. ஒரே தொல்லை, நன்றாகப் பழுத்துவிட்டால் காம்பில் நிற்காது, சீப்பைத் தூக்கினாலே பொலபொலவென்று உதிரும். வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டில் வைக்க வேண்டுமென்றால் புதன்கிழமையே, நுனியில் கொஞ்சம் பச்சை இருக்கும்போது வாங்கிவிடுங்கள். பீசாங் ராஸ்தாலி என்று கேட்டால் நம்ம ரஸ்தாளி கிடைக்கும், அதற்கு விளக்கம் தேவையில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று தின்ன பெராங்கான் நல்லது, மாஸைவிடப் பெரியது, தோலில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்ததும் சாப்பிட்டால் இனிப்பு தூக்கலாக இருக்கும்.

பொரிக்கிற வாழைக்குத்தான் நிறையப் பெயர், நிறைய சண்டையும். ராஜாதான் ஒசத்தி என்பார் ஒருவர், ஆவாக்தான் என்பார் இன்னொருவர். ஆவாக் நம்ம கற்பூரவள்ளி வகை, சில சமயம் உள்ளே மிளகு மாதிரி விதை இருக்கும், பயப்படாதீர்கள். தண்டுக் என்றால் கொம்பு, பழமும் கொம்பு மாதிரியேதான் நீளமாக வளைந்திருக்கும், சிப்ஸுக்கும் அதுவே. நங்கா என்பது மலாயில் பலாவின் பெயர், ஆனால் பீசாங் நங்கா வாழைதான். அது பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருப்பதால் காய் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள், லேசாக அமுக்கிப் பாருங்கள், புளிப்பும் இனிப்பும் கலந்து பொரிப்பதற்கு அருமை. என்னைக் கேட்டால் நான் நங்கா கட்சி. வாழை எதுவாக இருந்தாலும், அரிசி மாவும் கோதுமை மாவும் கரைக்கும்போது கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீர் விடுங்கள் (வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான்), மொறுமொறுப்பு நிற்கும்.

பொரியலுக்கு வாழைக்காய் வேண்டுமென்றால் பீசாங் அபு என்று கேட்கலாம், அபு என்றால் சாம்பல். இல்லையென்றால் நேராகத் தமிழ்க் காய்கறிக் கடைக்குப் போய் "அண்ணே, வாழைக்காய்" என்று சொல்லிவிடுங்கள், அதுதான் சுலபம்.

எண்ணிக்கைக்கு வருவோம். சீப்புக்கு சீக்காட், முழுத் தாருக்குத் தண்டான். தலை வாருகிற சீப்புக்கும் மலாயில் சீக்காட்தான், அதனால் ஒரு தடவை கேட்டால் மறக்காது. "காக், பீசாங் மாஸ் சத்து சீக்காட்" (அக்கா, பீசாங் மாஸ் ஒரு சீப்பு) என்றால் வேலை முடிந்தது. எதற்கு என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. "நாக் கோரெங்" என்றால் பொரிக்க, "நாக் செம்பாயாங்" என்றால் சாமி கும்பிட, அதற்குத் தகுந்ததை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். இன்றைக்கே தின்ன வேண்டுமா, "லூசா" அதாவது நாளை மறுநாளா என்பதையும் சொல்லிவிடுங்கள். மாசாக் என்ற சொல்லில் மட்டும் கவனம், அதற்குப் பழுத்தது என்றும் பொருள், சமைப்பது என்றும் பொருள். "டா மாசாக்?" என்று பழத்தைக் காட்டிக் கேட்டால் பழுத்துவிட்டதா என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வாழைப்பூவுக்கு ஜந்தோங் பீசாங், வாழையின் இதயம் என்று அர்த்தம். இலைக்கு டாவுன் பீசாங். மடித்துக் கட்டி விற்கிற இலையை அடுப்புத் தணலில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடியும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இலைச் சாப்பாடு சாப்பிட உட்கார்ந்தால், நுனி உங்கள் இடது பக்கம் வர வேண்டும், முடிந்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

அப்புறம் பேச்சில் வரும் வாழை. ஏதாவது கடகடவென்று விற்றுத் தீர்ந்தால் "லாக்கு மாச்சாம் கோரெங் பீசாங் பானாஸ்" என்பார்கள், சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம் போல் விற்றது என்று. தீபாவளிக்கு முந்தின வாரம் முறுக்கு விற்கிற அக்காவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். இன்னொன்று, "பீசாங் தாக் பெர்புவா டுவா காலி", வாழை இரண்டு தடவை குலை தள்ளாது. ஒருமுறை ஏமாந்தவன் மறுபடியும் ஏமாறமாட்டான் என்று காட்டச் சொல்வது. கடன் கேட்டு இரண்டாம் முறை வருபவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம், ஆனால் மாமனாரிடம் வேண்டாம். உண்மையிலேயே ஒரு வாழைமரம் ஒரு தார்தான் போடும், பிறகு பக்கக் கன்றுதான் வளரும். நாம் அதையே வாழையடி வாழை என்று வாழ்த்தாகச் சொல்கிறோம்.

கடைசியாக, வாங்கி வைத்து மறந்துபோய்க் கறுத்துவிட்ட பழத்தைக் குப்பையில் போடாதீர்கள். நன்றாகப் பிசைந்து, கோதுமை மாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, கெட்டியாகக் கரண்டியால் எண்ணெயில் விட்டு, நடுத்தரத் தீயில் பொரித்தால் சேக்கோடோக். பழம் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவுக்குச் சர்க்கரை குறைவாகப் போதும், பெரும்பாலும் தேவையே இல்லை.